மாலைக்கண் என்று விட்டுவிடலாமா? சொந்தத்தில் திருமணம், மரபணு, பார்வை இழப்பு... என்ன தொடர்பு?

சாயங்காலம் ஆறரை மணி. வாசலில் கிடக்கும் செருப்பையெல்லாம் தட்டிவிட்டு நடக்கிறான் பத்து வயதுப் பையன். கரன்ட் போனால் இருந்த இடத்தைவிட்டு நகர மாட்டான். படம் ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் நுழைந்தால் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வான். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று வீட்டில் தினம் திட்டு விழும்.

பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. சுவரில் மாட்டிய அட்டையில் கடைசி வரி வரை கடகடவென வாசித்துவிடுகிறான். 'பார்வை நார்மல்' என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் பையன் ஓர் உதாரணம்தான். ஆனால் 'ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா' என்ற பரம்பரை விழித்திரை நோய் பல வீடுகளில் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கு. பையனும் பொய் சொல்லவில்லை, சீட்டும் பொய்யில்லை. அப்புறம் என்னதான் பிரச்சினை? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே பெயர், இரண்டு நோய்கள்

இருட்டினால் கண் தெரியவில்லை என்றதும் நம் ஊரில் உடனே வரும் வார்த்தை மாலைக்கண். அழகான பெயர்தான், ஆனால் அதற்குள் இரண்டு வேறு வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, வைட்டமின் ஏ பற்றாக்குறையால் வருவது. மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதற்குத் தேவையான நிறமியை உருவாக்க நம் விழித்திரைக்கு வைட்டமின் ஏ வேண்டும். சத்து குறைந்தால் நிறமி குறையும், இரவுப் பார்வை மங்கும். நேரத்தோடு கவனித்து சத்தைக் கொடுத்தால் பார்வை திரும்பிவிடும். முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி என்று பாட்டிமார் சொல்வதற்கு இங்கே அர்த்தம் இருக்கிறது.

இரண்டாவது, மரபணுவில் உள்ள பிழையால் வரும் ஆர்.பி. இதில் சத்து உடம்பில் போதுமான அளவு இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டிய செல்கள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். எத்தனை கட்டு கீரை சாப்பிட்டாலும் செத்த செல் திரும்பாது. 'மாலைக்கண்தானே, கீரை கொடுத்தா சரியாப் போயிடும்' என்று ஐந்தாறு வருடங்களை விட்டுவிடும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

கேமராவுக்கு சென்சார் மாதிரி, கண்ணுக்கு விழித்திரை. அதில் வெளிச்சத்தை உணரும் செல்கள் இரண்டு வகை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. மங்கலான வெளிச்சத்தில் பார்ப்பதும், ஓரப் பார்வையும் இவற்றின் பொறுப்பு. கூம்பு செல்கள் சுமார் 60 லட்சம்தான். பகல் வெளிச்சம், நிறம், எழுத்து வாசிப்பது, முகம் அடையாளம் காண்பது எல்லாம் இவற்றின் வேலை. கூம்பு செல்கள் விழித்திரையின் நடுப்பகுதியில் நெருக்கமாக இருக்கும்.

ஆர்.பி.யில் முதலில் சாவது குச்சி செல்கள். அதனால் முதலில் இரவுப் பார்வை போகிறது. பிறகு ஓரப் பார்வை குறைகிறது. பக்கத்தில் வரும் வண்டி தெரியாது, காலடியில் இருக்கும் படி தெரியாது, ஷட்டில் ஆடும்போது இறகுப்பந்து திடீரென்று காணாமல் போகும். வருடங்கள் போகப்போக ஒரு பைப் வழியாக உலகத்தைப் பார்ப்பது போல் ஆகிவிடும். குச்சி செல்கள் அழிந்த பிறகு கூம்பு செல்களும் தாக்குப்பிடிப்பதில்லை. கடைசியில் நடுப்பார்வையும் மங்குகிறது.

இப்போது அந்தப் பள்ளி முகாமுக்கு வருவோம். அட்டையில் எழுத்து வாசிப்பது நடுப்பார்வை சோதனை. பையனின் நடுப்பார்வை இன்னும் நன்றாக இருக்கிறது. அதனால் பாஸ். ஓரப் பார்வையை அங்கே யாரும் சோதிக்கவே இல்லை. இதே ஆள் பின்னாளில் பைக் ஓட்ட லைசென்ஸ் எடுக்கப் போனாலும், எழுத்து அட்டையை மட்டும் காட்டினால், பிரச்சினை வெளியே வராது. சாயங்காலம் ஏழு மணிக்கு அவர் ஹைவேயில் போவதை யோசித்துப் பாருங்கள்.

ஆர்.பி. எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போவதில்லை. சிலருக்குச் சின்ன வயதிலேயே தீவிரமாகிவிடும். சிலர் ஐம்பது வயது தாண்டியும் புத்தகம் வாசிப்பார்கள். காரணம், இது ஒரே ஒரு மரபணுவால் வரும் நோய் இல்லை. ரோடாப்சின் என்ற மரபணுவில் உள்ள பிழை ஆர்.பி.க்குக் காரணமாகலாம் என்று 1990-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு பட்டியல் நீண்டு, இன்று 80-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் ஆர்.பி.யோடு தொடர்புடையவையாக அறியப்பட்டுள்ளன. எந்த மரபணு, எந்தப் பிழை என்பதைப் பொறுத்து நோயின் போக்கும் மாறும்.

'எங்க பரம்பரையில யாருக்குமே இல்லையே!'

பரம்பரை நோய் என்று டாக்டர் சொன்னதும் பெரும்பாலான பெற்றோர் சொல்லும் முதல் வாக்கியம் இது. தாத்தாவுக்கு இல்லை, அப்பாவுக்கு இல்லை, அப்புறம் பிள்ளைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு மரபணுவிலும் நம்மிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒரு பிரதி பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் பல மரபணுக்களின் நிலைமை. அப்படி ஒரு பழுதான பிரதியோடு, எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்பவரை 'கேரியர்' என்கிறார்கள். அவருக்கே தெரியாது. கண் பரிசோதனையிலும் பொதுவாகத் தெரியாது. நம் எல்லோரிடமும் இப்படி ஏதாவது சில மரபணுக்களில் பழுதான பிரதிகள் இருக்கத்தான் செய்கின்றன. நானோ நீங்களோ விதிவிலக்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பலாம்.

பிரச்சினை எப்போது வருகிறது? அம்மா, அப்பா இருவருமே ஒரே மரபணுவில் பழுதான பிரதியை வைத்திருக்கும்போது. இருவரின் பழுதான பிரதியும் குழந்தைக்கு வந்துசேர வாய்ப்பு நான்கில் ஒன்று, அதாவது 25 சதவீதம். இந்தக் கணக்கு ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாகப் போடப்படும். 'முதல் பிள்ளைக்கு வந்துடுச்சு, இனிமே மூணு பிள்ளைக்கு வராது' என்று யாராவது ஆறுதல் சொன்னால் அது தவறு. சீட்டு குலுக்கிப் போடுவது மாதிரிதான், ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்று.

மாமன் மகளும் சித்தப்பா மகளும்

இங்கேதான் நம் ஊர் விஷயம் உள்ளே வருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் நெருங்கிய சொந்தத்துக்குள் நடந்த திருமணங்கள் சுமார் 11 சதவீதம். தமிழ்நாட்டில் அது 28 சதவீதம். நாட்டிலேயே அதிக அளவு உள்ள மாநிலங்களில் முதல் வரிசையில் இருக்கிறோம். இந்து திருமணச் சட்டம் 1955 நெருங்கிய உறவுத் திருமணங்களைத் தடுத்தாலும், வழக்கத்தில் இருந்தால் அனுமதி என்று விலக்கும் அளிக்கிறது. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது இங்கே சட்டப்படியும் நடப்பது அப்படித்தான்.

நம் உறவுமுறையில் ஒரு தெளிவான கோடு உண்டு. சித்தப்பா மகள் தங்கச்சி. அவளைக் கட்டுவதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அத்தை மகள், மாமன் மகள் முறைப்பெண். அவளைக் கட்டலாம், சில வீடுகளில் கட்டியே ஆக வேண்டும். பங்காளி வேறு, மாமன் மச்சான் வேறு என்று வளர்ந்ததால், அத்தை மகள் நம் 'ரத்தத்தில்' சேராதவள் என்ற எண்ணம் மனதில் பதிந்துவிட்டது.

மரபணுவுக்கு முறை தெரியாது. சித்தப்பா மகள் எவ்வளவு நெருக்கமோ அதே அளவு நெருக்கம்தான் அத்தை மகளும், மாமன் மகளும். சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுக்கள் பொதுவாக இருக்கும். தாய்மாமன், அக்கா மகள் என்றால் இன்னும் நெருக்கம், நான்கில் ஒரு பங்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாட்டியிடம் ஆர்.பி. தொடர்பான ஒரு மரபணுவில் ஒரு பிரதி பழுது என்று வைத்துக்கொள்வோம். அது மகனுக்கு வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. மகளுக்கும் இரண்டில் ஒன்று. அந்த மகளின் மகளுக்கு, அதாவது பேத்திக்கு, நான்கில் ஒன்று. இப்போது அந்த மகனும் பேத்தியும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இருவரிடமும் அதே பழுது இருக்க வாய்ப்பு எட்டில் ஒன்று. அவர்களுக்குப் பிறக்கும் ஒரு குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு 32-ல் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் ஜோடி என்றால் இதே கணக்கு 64-ல் ஒன்று. வெளியிலிருந்து பெண் எடுத்தால், அந்தப் பெண்ணிடமும் அதே மரபணுவில் பழுது இருந்தால்தான் ஆபத்து. 80-க்கும் மேற்பட்ட மரபணுக்களில் சரியாக அதே ஒன்றில் இருவருக்கும் பழுது என்பது மிகவும் அரிது.

இதை வைத்து 'சொந்தத்தில் கட்டினால் பிள்ளைக்குக் கண் போகும்' என்று யாரும் பயப்பட வேண்டாம். சொந்தத்தில் கல்யாணம் செய்த பெரும்பாலானோரின் பிள்ளைகள் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார்கள். மேலே சொன்ன 32-ல் ஒன்று கூட, பாட்டியிடம் பழுது இருந்தால் மட்டும்தான். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே ஒருவருக்கு ஆர்.பி. இருக்கிறது, அதே குடும்பத்துக்குள் மறுபடி பெண் எடுக்கிறார்கள் என்றால் கணக்கே மாறிவிடும். சொத்து வெளியே போகக்கூடாது என்பதற்காக மூன்று தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட வீடுகளில் ஆபத்து கூடிக்கொண்டே போகும்.

பழி யார் மேல்?

குழந்தைக்குக் கண் தெரியவில்லை என்றதும் பல வீடுகளில் முதல் விரல் மருமகளை நோக்கித்தான் நீள்கிறது. 'அவ வீட்டுச் சீக்கு' என்பார்கள். மேலே சொன்ன வகையில் அம்மா, அப்பா இருவரும் ஆளுக்கு ஒரு பிரதி கொடுத்தால்தான் நோய் வரும். சரிபாதி. பழி சொல்லும் மாமியாரே கூட அந்தப் பிரதியை மகனுக்குக் கொடுத்தவராக இருக்கலாம்.

வேறு வகைகளும் உண்டு. சில மரபணுக்களில் ஒரு பிரதி பழுதானாலே போதும், நோய் வந்துவிடும். அங்கே அம்மா அல்லது அப்பாவுக்கு நோய் இருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. இது தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்குத் தெரிவதால் குடும்பத்துக்கே புரிந்துவிடும்.

எக்ஸ் குரோமோசோமில் பிழை இருக்கும் வகை கொஞ்சம் சிக்கலானது. ஆண்களுக்கு ஒரே ஒரு எக்ஸ்தான். அது அம்மாவிடமிருந்து வருவது. அதில் பிழை இருந்தால் மாற்று கிடையாது. அம்மா கேரியராக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் 50 சதவீத வாய்ப்பு. பிழை வந்துசேரும் மகள்கள் பெரும்பாலும் கேரியராக இருப்பார்கள், சிலருக்கு லேசான அறிகுறிகள் தெரியலாம். தாய்மாமனுக்கும் இருக்கிறது, மருமகனுக்கும் இருக்கிறது, இடையில் அம்மாவுக்கு மட்டும் இல்லை என்ற கதையைக் கேட்டால் டாக்டர்கள் இந்த வகையைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். நிறக்குருடும் பெரும்பாலும் இதே வழியில்தான் வருகிறது. ஆண்களிடம் அது அதிகம் காணப்படுவதற்கும் காரணம் இதுதான்.

லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் என்று ஒன்று உண்டு. ஜெர்மன் மருத்துவர் தியோடர் லெபர் 1871-ல் விவரித்தது. இதில் பிழை இருப்பது செல்லுக்கு சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில். அது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, வலியே இல்லாமல் சில வாரங்களில் நடுப்பார்வை போய்விடும். பிழை இருக்கிற எல்லோருக்கும் நோய் வெளிப்படுவதில்லை. ஆனால் புகைபிடித்தால் வாய்ப்பு கூடுகிறது என்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். மரபணுவை மாற்ற முடியாது, சிகரெட்டை விட முடியும்.

காது கேட்காத குழந்தைகளுக்கும் ஒரு கண் பரிசோதனை

இதை அவசியம் சொல்லியாக வேண்டும். அஷர் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் கோளாறில் பிறவியிலேயே காது கேட்காது, அல்லது குறைவாகக் கேட்கும். பல வருடங்கள் கழித்து ஆர்.பி.யும் சேர்ந்துகொள்ளும். சைகை மொழியை நம்பி இருக்கும் பிள்ளைக்கு இருட்டில் கை அசைவு தெரியாமல் போனால் எப்படி இருக்கும்? எனவே பிறவியில் காது கேளாத குழந்தைகளுக்கு விழித்திரைப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வெளிச்சத்தில் குழந்தையின் கருவிழிக்குள் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னினால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வரும். நோய் கண்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இது பரம்பரையாகக் கடத்தப்படக்கூடிய வகை. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டால் உயிரையும், பல நேரங்களில் கண்ணையும் காப்பாற்றலாம். சின்ன வயதில் இந்த நோய் வந்து குணமான ஒருவர் பெற்றோர் ஆகும்போது, குழந்தை பிறந்த முதல் வாரங்களிலேயே கண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

கண் நீர் அழுத்த நோய் என்கிற கிளாக்கோமாவும் குடும்பத்தில் தொடரக்கூடியதே. அண்ணன், அக்காவுக்கு இருந்தால் உங்களுக்கு ஆபத்து அதிகம். அறிகுறி காட்டாமல் பார்வையைத் திருடும் நோய் என்பதால், நாற்பது வயது வரை காத்திருக்காமல் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை இருக்கிறதா?

அமெரிக்காவில் லான்சலாட் என்ற நாய்க்கு ஒரு ஊசி போட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத நாய் அது. ஆர்.பி.இ.65 என்ற மரபணுவில் பிழை. அந்த மரபணுவின் சரியான பிரதியை, நோய் உண்டாக்காத ஒரு வைரஸுக்குள் வைத்து விழித்திரைக்கு அடியில் செலுத்தினார்கள். நாய்க்குப் பார்வை வந்தது. அந்தப் பாதையில் பல ஆண்டுகள் நடந்த ஆய்வுகளின் முடிவில், 2017 டிசம்பரில் 'லக்ஸ்டர்னா' என்ற மரபணு சிகிச்சைக்கு அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. பரம்பரைக் கண் நோய்க்கு அங்கே ஒப்புதல் பெற்ற முதல் மரபணு சிகிச்சை அது.

விலை? இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 8,50,000 டாலர். அன்றைய மதிப்பில் ஐந்து கோடி ரூபாய்க்கும் மேல். அதைவிட முக்கியமான விஷயம், அந்த ஒரே ஒரு மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு மட்டும்தான் அது வேலை செய்யும். அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல்கள் போதுமான அளவு மிச்சம் இருந்தால்தான். மற்ற மரபணுக்களுக்கான சிகிச்சைகள் ஆய்வு நிலையில் இருக்கின்றன.

அதுவரை ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும். ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சீக்கிரமே கண்புரை வரும், விழித்திரையின் நடுவில் நீர்க்கட்டும் வரலாம். இரண்டுக்குமே சிகிச்சை உண்டு. 'ஆர்.பி.தானே, இனி டாக்டரிடம் போய் என்ன பிரயோஜனம்' என்று வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிடுபவர்கள் இழப்பது இதைத்தான்.

வைட்டமின் ஏ மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானே வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. அளவு கூடினால் கல்லீரலைப் பாதிக்கும், கர்ப்பிணிகளின் கருவுக்குக் கெடுதல். ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோயில் கூடுதல் வைட்டமின் ஏ நோயையே மோசமாக்கலாம் என்பதால் தவிர்க்கச் சொல்கிறார்கள். எந்த நோய் என்று தெரியாமல் மாத்திரை வேண்டாம்.

'ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வரும், சில லட்சம்தான்' என்று யூடியூபில் வரும் விளம்பரங்களிலும் உஷார். ரத்தம் தொடர்பான சில நோய்கள் போன்ற குறிப்பிட்ட சிலவற்றைத் தவிர, மற்றவற்றுக்கான ஸ்டெம் செல் சிகிச்சை ஆய்வு நிலையிலேயே உள்ளது என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறிமுறைகள். ஆய்வில் சேரும் நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவது முறையில்லை. பணம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடலாம்.

பரிசோதனை எப்படி?

கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தாலே அனுபவமுள்ள டாக்டருக்குப் பாதி தெரிந்துவிடும். ஓரங்களில் கரும்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். 'பிக்மென்டோசா' என்ற பெயரே அதனால் வந்ததுதான். பிறகு ஓரப் பார்வையை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட், விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி., செல்கள் வெளிச்சத்துக்குத் தரும் மின்சாரப் பதிலை அளக்கும் ஈ.ஆர்.ஜி. எடுப்பார்கள். எந்த மரபணு என்று தெரிந்துகொள்ள ரத்த மாதிரி போதும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றில் கண் நோய்களுக்கான மரபணு ஆராய்ச்சியே நடக்கிறது.

எல்லோருக்கும் விடை கிடைத்துவிடும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு எவ்வளவு தேடியும் பிழை அகப்படாது. ஆனால் வீட்டில் ஒருவருக்குப் பிழை எது என்று தெரிந்துவிட்டால், அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளிடமும், கல்யாணம் பேசியிருக்கும் முறைப்பெண்ணிடமும் அதே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அந்தப் பரிசோதனை சுலபம். நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் செய்வதா, பின்னால் செய்வதா என்பதுதான் கஷ்டம். முன்னால் என்றால் சங்கடம், பின்னால் என்றால் சண்டை. ஜாதகம் பார்க்கும்போதே இதையும் பார்த்துவிடுவது உத்தமம்.

சான்றிதழ் விஷயம்

ஆர்.பி. உள்ள பலருக்கே தெரியாத ஒன்று இது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பார்வையின் கூர்மையை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை, பார்வையின் அகலத்தையும் எடுக்கிறது. பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே 10 டிகிரி வரை இருந்தால் குறை பார்வை. 10 டிகிரிக்கும் குறைந்தால், அட்டையில் எழுத்துகளை வாசிக்க முடிந்தாலும், சட்டப்படி பார்வையின்மை. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் இந்த இரு பிரிவினருக்கு.

'நல்லாத்தானே படிக்கிறீங்க, உங்களுக்கு எதுக்கு சர்டிபிகேட்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், ஃபீல்டு டெஸ்ட் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து அதை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கப் போகும்போது ஆதார், போட்டோவோடு அந்த ரிப்போர்ட்டின் நகலையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.